சுவரோடு நின்ற லோடர்

ஓய்வு பெற்ற மனிதனுக்கு வரும் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் மௌத்துச் செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் கலியாணச் செய்தியாக இருக்கும். போன மாதம் மத்தியானத்து லுஹர் தொழுதுவிட்டுச் சாய்ந்திருந்த நேரத்தில் ரிஸ்வான் எடுத்தபோது, யார் போய்விட்டார்களோ என்று பயந்துகொண்டேதான் எழும்பி உட்கார்ந்தேன். அவர் சொன்னதோ, லோடரின் எண்ணெய்க் குழாய் கப்ளிங்குக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்பதை.

ரிஸ்வான் கல்முனையில் எங்கள் கூட்டுறவுச் சங்கம் இயந்திரங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் யாட்டுக்கு இப்போது பொறுப்பாக இருப்பவர். அந்த யாட்டில்தான் என் உழைப்புக் காலம் முழுக்கப் போனது. லோடர் என்பது உழவு இயந்திரத்தின் முன்பக்கம் பூட்டும் மண் அள்ளி. இரண்டு இரும்புக் கைகளும் நுனியில் ஒரு பக்கட்டும் கொண்டது. அதைத் தேவைப்படும்போது பூட்டலாம், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தில் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலே கைகள் தானாகக் கொளுவிக்கொள்ளுமாம். ஆனால் குழாய்களை மட்டும் இன்னும் மனிதக் கைதான் செருக வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது உண்மை.

வெயிலில் கிடந்ததா என்று கேட்டேன். ஓம் என்றார். கழற்றும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அமுக்கத்தை இறக்கினீர்களா என்று கேட்டேன். இல்லையே என்றார். அப்படியென்றால் உள்ளே எண்ணெய் சூட்டில் விரிந்து இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது, குழாயில் பிழை இல்லை என்றேன். மூட்டில் துணியைச் சுற்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஸ்பெனரால் மெல்ல இளக்கி, கொஞ்சம் எண்ணெயை அழவிட்டுவிட்டு, பிறகு இறுக்கிச் செருகச் சொன்னேன். சற்று நேரத்தில் திரும்ப எடுத்து, பூட்டியாயிற்று என்றார். இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். அவருக்கு வேலை கிடந்தது. எழுதி அனுப்புங்கள் காக்கா, ஆறுதலாக வாசிக்கிறோம் என்றார். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். எழுதச் சொன்னது அவர், அதனால் நீண்டுவிட்டால் குற்றம் என்னுடையதல்ல.

நான் படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். சைக்கிள் கடை, பிறகு நெற்கதிர் அடித்துச் சூடுமிதிக்கும் இயந்திரங்களோடு வயல் வயலாக அலைச்சல், பிறகு ஒரு லொறிக்காரரிடம் திட்டு வாங்கல். வாப்பா மௌத்தானதும், வீட்டில் உம்மாவும் தங்கச்சி ஹபீபாவும் என்றாகிவிட்டது, நிலையான சம்பளம் வேண்டுமென்று சங்கத்தின் யாட்டில் பிட்டராகச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் கரையைச் சூறாவளி அடித்துப் போட்டு ஓய்ந்திருந்த நேரம்.

யாட்டின் போர்மன் வின்சன்ட், போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். அவர்கள் குடும்பத்தில் தொட்டில் பிள்ளைக்கே ஸ்பெனர் பிடிக்கத் தெரியும் என்று எங்கள் ஓட்டுநர் காதர் காக்கா சொல்வார். மெலிந்த உயரமான மனிதர், தலையில் எந்நேரமும் ஒரு துணித் தொப்பி. கிழமை நாட்களில் யாட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்குவார். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டுத் திங்கள் காலை வந்துவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மனம் நன்றாக இருந்தால் எங்களை மகன் மாதிரி "மனே" என்பார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்தி என்னை "மிஸ்டர் ஜப்பார்" என்பார். அந்த மிஸ்டரைக் கேட்டால் செய்த வேலையை முதலிலிருந்து திரும்பப் பார்ப்பேன். நானோ சட்டென்று கொதிக்கிறவன். இரண்டு பேரும் ஒரே யாட்டில் இத்தனை வருடம் ஒத்துப்போனதற்கு அவருடைய பொறுமைதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள், நான் மறுப்பதில்லை.

அவருடைய மரியாதை வேறு மாதிரி. நோன்பு மாதத்தில் அவர் ஒரு மிடறு தேநீர் குடித்ததை நாங்கள் யாரும் கண்டதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சிகரட்டும் அப்படித்தான். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே நினைத்துக்கொண்டு செய்தது. நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. எங்கள் சாப்பாடு அவருக்குப் பிடிக்குமோ, பெண்கள் புழங்கும் சின்ன வீட்டில் அவரை எங்கே உட்காரவைப்பது, கூப்பிட்டால் மறுக்கச் சங்கடப்படுவாரோ என்று நாங்களாகவே யோசித்து, ஒருவரும் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பத்தை மூடிக் கட்டி யாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்குவார். இவ்வளவுதான் போக்குவரத்து.

சூறாவளிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியாக வந்த இயந்திரங்களில் ஒன்று எங்கள் சங்கத்துக்குக் கிடைத்தது. சின்ன உழவு இயந்திரம், முன்னால் லோடர் பூட்டியது. விழுந்த மரமும் இடிந்த சுவரும் அள்ளுவதற்கு அது பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அதை ஒரு ஆளாகவே மதித்தார்கள். அடுத்த மாரி விதைப்புக்கு நற்பிட்டிமுனை வயல்களில் உழவுக்குக் கேட்டார்கள். லோடரோடு சேற்றில் இறங்கினால் முன்சில்லு புதைந்துவிடும். ஆகவே கழற்றுவது என்று போர்மன் முடிவு செய்தார்.

எங்கள் யாட்டில் கழற்றிய முதல் தடவை அதுதான். மணல் பூமியில் எதை வைத்தாலும் ஒரு பக்கம் இறங்கும் என்பதால், சூறாவளியில் போன பழைய களஞ்சியத்தின் செங்கல் தளத்தை அவர் தெரிந்தெடுத்தார். வேப்பமரத்தடியில் அது ஒன்றுதான் இறுகிய இடம். பக்கட்டைத் தரையில் படியவைத்தார். கைகளைத் தாங்கும் இரும்புக் கால்களை இறக்கினார். எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை எல்லாப் பக்கமும் ஆட்டி அமுக்கத்தை இறக்கிய பிறகே குழாய்களைக் கழற்றினார். நான்கு குழாய்களிலும் ஒரு பழைய சாரத் துணியைக் கிழித்துக் கட்டினார். ஒன்றுக்கு ஒரு முடிச்சு, மற்றதுக்கு இரண்டு, அப்படியே நான்கு வரை. நிறம் பார்த்து அடையாளம் வைத்தால் கிறீஸ் பட்டதும் எல்லாம் கறுப்புத்தான், முடிச்சென்றால் கண்ணை மூடிக்கொண்டும் தடவிப் பார்க்கலாம் என்றார். கடைசியில் லோடரை இயந்திரத்தோடு பிணைக்கும் இரும்புப் பின்களை உருவிக் கொடுத்து, இயந்திரத்தை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்கச் சொன்னார். லோடர் தன் காலில் தானே நின்றது. பூட்டும்போது இதே பாதையால் நேராக உள்ளே வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை ஊருக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. யாட்டில் இருந்தவர்கள் லுஹர் தொழுவதும் அதே வேப்பமர நிழலில்தான். பாயை விரித்து மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்றால் நேர் முன்னால் லோடர் நிற்கிறது, கைகளை நீட்டிக்கொண்டு, பக்கட்டைக் கவிழ்த்துக்கொண்டு. நெற்றியைத் தரையில் வைக்க ஸுஜூதுக்குப் போனால் பக்கட்டின் பல்லுக்குத் தலை குனிவது போலிருந்தது. காதர் காக்கா தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்ததும், மெசினுக்குத் தொழுத மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். சிலர் சிரித்தார்கள், சிலருக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்மனிடம் சொல்லி மாற்றுவோம் என்று யாரோ சொன்னார்கள். எப்படிச் சொல்வது? அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த மனிதரிடம், உங்கள் சாமான் எங்கள் தொழுகைக்கு முன்னால் நிற்கிறது என்று சொன்னால் மனம் நோகாதா? மார்க்கம் வேறான மனிதர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டால்? பாயை மறுபக்கம் எடுத்துப் போடலாமே என்று இப்போது யாரும் கேட்பார்கள். நிழல் அங்கேதான் இருந்தது, அதைவிட எங்கள் மூளை அந்தப் பக்கம் போகவில்லை என்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, கயிறு போட்டு, தென்னங்குற்றிகளை உருளவிட்டு, லோடரைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோனோம். அலுமாரியை வைப்பது போல முதுகைச் சுவரோடு ஒட்டி அழகாக நிறுத்தினோம். இயந்திரம் உள்ளே வரவேண்டிய வழி அந்த முதுகுப் பக்கம்தான் என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கள் காலை போர்மன் வந்தார். வெறும் செங்கல் தளத்தைப் பார்த்தார், பக்கத்தில் விரித்துக் கிடந்த பாயைப் பார்த்தார், சுவரோடு நின்ற லோடரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கிறீஸ் பூசி, படங்கு ஒன்றை எடுத்து லோடரை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார். அவருக்கு அதில் ஒன்றுமில்லைப்போலும் என்று நாங்கள் ஆறுதலடைந்தோம்.

உழவு முடிந்தது, விதைப்பு முடிந்தது, மழை பிடித்தது. கார்த்திகையில் பிடித்த மழை விடவே இல்லை.

சாய்ந்தமருதுப் பக்கம் எங்களுக்கு ஒரு தோணா இருக்கிறது. ஊருக்குப் பின்னாலிருந்து வரும் மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடை அது. கோடையில் கடல் அதன் வாயை மணல் போட்டு அடைத்துவிடும். மாரியில் ஊரார் மண்வெட்டியோடு போய் வாயை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அந்த வருடம் மணல் மேடு ஆளுயரத்துக்கு மேலே இருந்தது. கல்முனைக்குடி மீனவர்களும் சேர்ந்து வெட்டினார்கள். வெட்ட வெட்ட அலை மணலைக் கொண்டுவந்து கொட்டியது. கடலுக்குப் போக முடியாத தண்ணீர் ஊருக்குள் திரும்பியது.

தோணாக் கரையின் தாழ்ந்த காணியில்தான் என் தங்கச்சி ஹபீபாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். வாப்பா இல்லாத வீட்டில் அதைக் கட்டி முடிப்பது மூத்தவன் தலையில்தான் விழும். மழை விட்டதும் நிக்காஹ் என்று பேச்சு முடிந்திருந்தது. செங்கல்லைக் களிமண் சாந்தில் வைத்துச் சுவர் எழுப்பி, கூரை போட்டிருந்தோம், பூச்சு இன்னும் பூசவில்லை. பூசாத களிமண் சாந்துச் சுவரின் காலில் தண்ணீர் நின்றால் அது பாண் ரொட்டியைத் தேநீரில் தோய்த்த கதைதான். சுவர் விழுந்தால் கூரையும் சேர்ந்து விழும். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், ஆனாலும் இன்னொரு மாரிவரை காத்திருப்பார்கள் என்று நம்புவதற்கு என்னிடம் தைரியம் இருக்கவில்லை.

அன்று காலை தண்ணீர் முதல் வரிச் செங்கல்லைத் தொட்டிருந்தது. உம்மாவும் ஹபீபாவும் உமிச் சாக்குகளை அடுக்கி, மணலை அணைத்துச் சுவரைச் சுற்றி வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹபீபா என்னைப் பார்த்து, இங்கே நின்று அழுவதற்கு நாங்கள் இருக்கிறோம், நீங்கள் போய் உங்கள் மெசினைக் கொண்டுவாருங்கள் என்றாள்.

யாட்டுக்கு ஓடினேன். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்கள் எனக்கு முன்னமே வந்து போர்மனோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். லோடரைப் பூட்டினால் வாயை வெட்டலாமா என்று கேட்டார்கள். பூட்டினால் வெட்டலாம் என்றார் அவர். பூட்டினால் என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

படங்கை நீக்கிப் பார்த்தோம். முதுகு சுவரில், இயந்திரம் உள்ளே வர இடமில்லை. ஒரு கால் மணலில் முழங்கால் வரை இறங்கி, லோடர் ஒருக்களித்து நின்றது. காதர் காக்கா சங்கிலியைக் கொண்டுவந்து, பக்கட்டில் கொளுவி இயந்திரத்தால் இழுப்போம் என்றார். கால் புதைந்திருக்கும்போது இழுத்தால் கால் வளையும், கால் வளைந்தால் பின் ஏறும் துளை சேராது, பிறகு இந்தக் கிழமை முழுக்க நின்றாலும் பூட்ட முடியாது என்று போர்மன் தடுத்தார்.

அதற்குள் மீனவர்கள் பத்துப் பதினைந்து பேர் மழையில் நனைந்துகொண்டு யாட்டுக்குள் வந்திருந்தார்கள். மணலில் பாரம் அசைப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோணி தள்ளும் உருளைக் கட்டைகளைக் கொண்டுவந்தார்கள். புதைந்த காலுக்குக் கீழே பலகை கொடுத்து, அலவாங்கால் நெம்பி, போர்மன் ஜக் வைத்து அதைத் தூக்கினார். கால்களை மடித்துக் கட்டினோம். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இழுக்க, லோடர் சுவரை விட்டு அசைந்து வெளியே வந்தது. நான் முன்னால் ஓடிப்போய் வேப்பமரத்தடிச் செங்கல் தளத்தைக் காட்டினேன்.

போர்மன் கையைத் தூக்கி நிறுத்தினார். அங்கே வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்றார்.

யாட் முழுக்க மணல், மணலுக்கு மேலே தண்ணீர். வேறு இடம் எங்கே இருக்கிறது? எனக்குக் கொதித்துவிட்டது. என் தங்கச்சியின் வீட்டுச் சுவர் கரைந்துகொண்டிருக்கிறது, இந்த மனிதர் இடம் தேடுகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாயும் விட்டுவிட்டேன்.

"இது பள்ளிவாசல் இல்ல சேர், மரத்து நிழல். அண்டைக்கு நாங்க லோடரத் தூக்கிக் கொண்டுபோய் அங்க வெச்சத்துக்கு ஏன் எங்கள ஏசாம இருந்த நீங்க? அண்டைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இண்டைக்கு இந்தப் பாடு இல்லயே."

"உங்கட தொழுகைச் சங்கதி மனே அது. நான் என்னெண்டு வாயத் திறந்து கேக்கிற?"

"நாங்களும் அதத்தானே யோசிச்ச. உங்களுக்கிட்ட என்னெண்டு சொல்ற எண்டு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொப்பியின் விளிம்பால் தண்ணீர் வடிந்தது. மிஸ்டர் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் மரியாத பாத்துப் பாத்து, மெசினச் சுவரோட நிக்க வெச்சிருக்கம்," என்றார்.

காதர் காக்காதான் முதலில் சிரித்தார். பிறகு போர்மனும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்ட முதல் தடவை அது. எனக்கு மட்டும் சிரிக்க மனமில்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். லோடர் தளத்தில் ஏறியது.

இனிப் பூட்டுவது. இந்தப் பகுதி ரிஸ்வானுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

கால்களை இறக்கி, கைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று போர்மன் ஒரு கிளாசில் தண்ணீரை ஊற்றி இரும்பின் மேல் வைத்துப் பார்த்தார். அடித்த மழைக்கு அந்தக் கிளாஸ் தானாகவே நிரம்பியது. காதர் காக்கா இயந்திரத்தைத் தாழ்ந்த கியரில் போட்டு, இரண்டு கைகளுக்கும் நடுவால் உள்ளே கொண்டுவந்தார். போர்மன் பக்கட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையால் சைகை காட்டினார். சின்ன விரல் என்றால் அங்குலம், முழுக்கை என்றால் நில். அவர் கூப்பாடு போடாத காரணம் அப்போது விளங்கியது. எஞ்சின் சத்தத்தில் கத்துகிற மனிதனை ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், கையை விடுவான்.

குழாய்களுக்கு வந்தோம். முடிச்சைத் தடவித் தடவி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று போயின. நான்காவது போகவில்லை. நாங்கள் கயிறு போட்டு இழுத்தபோது கைகள் அமுங்கி, உள்ளே எண்ணெய் நெருக்குப்பட்டிருந்தது. ரிஸ்வானுக்கு நான் சொன்ன வைத்தியத்தைத்தான் அன்று போர்மன் செய்தார். துணி, ஸ்பெனர், திருப்பிய முகம். முகம் தப்பியது, அவருடைய வெள்ளைச் சட்டை தப்பவில்லை. தன் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, மட்டக்களப்புக்கு இனி இந்தச் சட்டையோடு போக முடியாது, மனைவி ஏசுவாள் என்று மட்டும் சொன்னார். நான்காவது குழாய் சொடக்கென்று உட்கார்ந்தது.

இனி இயந்திரத்தின் பலத்தைக் கொண்டே லோடரை அசைக்கலாம். லீவரை மெல்ல இழுத்தால் பக்கட் தரையை அழுத்தும், அழுத்த அழுத்தப் பின்பக்கம் எழும்பும், எழும்பி இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தோடு துளைக்குத் துளை சேரும். சேர்ந்ததா என்று ஒருபோதும் விரலை விட்டுப் பார்க்காதே என்பது அவருடைய கட்டளை. ஒரு குடைக்கம்பித் துண்டு வைத்திருப்பார், அதைத்தான் விட்டுப் பார்ப்பார். இடது பக்கத்துப் பின் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

வலது பக்கம் ஒரு நூல் அளவு தவறி நின்றது. பின்னை நுழைத்துப் பார்த்தேன், நுனி மட்டும் போய் நின்றது. லீவரை அசைத்தார், இன்னும் அதே நூல். அந்த நேரத்தில் வீதியால் வந்த ஒருவர், தோணாக் கரையில் ஒரு வீடு விழுந்துவிட்டது என்றார். யாருடைய வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. என் கை தானாகப் போய்ப் பெரிய சுத்தியலை எடுத்தது. இரண்டு அடி அடித்தால் போய்விடும், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

போர்மன் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கினார். பறிக்கவில்லை, வாங்கினார். வாங்கித் தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பின் கையாலதான் போகவேணும் மனே. அடிச்சு ஏத்தினா இண்டைக்குப் போகும், மணல் மேட்டில நடுவில உடையும். காதர்ட தலைக்கு மேலயா பக்கட் விழ?"

அவர் சுத்தியலின் மேல் உட்கார்ந்தபடியே இயந்திரத்தைக் கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு வலது முன்சில்லைக் காட்டி, காற்றைக் கொஞ்சம் இறக்கு, போதும் என்று சொல்லும்வரை இறக்கு என்றார். தளத்தில் ஒரு செங்கல் எழும்பி நின்றதால் அந்தச் சில்லு சற்று உயர்ந்திருந்ததை அவர் அப்போதுதான் கண்டிருக்கிறார். காற்று சீறிக்கொண்டு இறங்கியது. குடைக்கம்பியை விட்டுப் பார்த்தார். போதும் என்றார். நான் பின்னை வைத்து உள்ளங்கையால் தள்ளினேன். போய்விட்டது. மற்றச் சில்லிலும் அதே அளவு காற்றை எடுக்கச் சொன்னார். மணலில் காற்றுக் குறைந்த சில்லுதான் புதையாது, இதுவும் நல்லதுக்குத்தான் என்றார்.

தோணா வாயில் காதர் காக்கா செய்த வேலையைப் பற்றி அவரே இருந்தால் ஒரு இரவு முழுக்கச் சொல்வார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மேட்டின் கடல் பக்கத்திலிருந்து தொடங்கி, அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் குவித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் வந்தார். கடைசித் தடுப்பை மட்டும் இயந்திரத்தால் வெட்டக்கூடாது, மண்வெட்டியால் வெட்டுங்கள் என்று போர்மன் முன்னமே சொல்லியிருந்தார். காதர் காக்கா கரைக்கு ஏறிய பிறகு மீனவர்கள் நாலு வெட்டு வெட்டினார்கள். முதலில் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தன் பாதையைத் தானே அரித்து அகலமாக்கிக்கொண்டு, மண்ணிறமாகக் கடலுக்குள் பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். போர்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அதற்கு மேல் நிற்கவில்லை, வீட்டுக்கு ஓடினேன்.

விழுந்த வீடு எங்களுடையதல்ல. எங்களுக்குக் குசினிச் சுவர் பாதி சரிந்திருந்தது, அவ்வளவுதான். முன் அறையும் நடு அறையும் கூரையைத் தாங்கிக்கொண்டு நின்றன. ஹபீபா கட்டிய வரம்புக்கு வெளியே தண்ணீர் இறங்கி, சுவரில் ஈரக்கோடு மட்டும் தெரிந்தது. உம்மா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் போர்மன் வந்தார். வீதியில் தண்ணீர், பஸ் இல்லை, விசாரித்து விசாரித்து நடந்தே வந்திருக்கிறார். எங்கள் வளவுக்குள் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது அன்றுதான். சுவரைச் சுற்றி வெளியே நடந்தார். பெருவிரலால் செங்கல்லை அழுத்திப் பார்த்தார். யாரையும் சுவரில் சாயவிட வேண்டாம், இரண்டு வாசலையும் மறைக்காமல் காற்றோட விடுங்கள், காய்ந்த பிறகு பூசலாம், நிற்கும் என்றார். நான் உள்ளே வரச் சொன்னேன். இல்லை மனே, நான் இப்படியே நிற்கிறேன் என்றார். எனக்குத் தெரியும், புது வீட்டுக்குள் முதல் விருந்தாளியாக யார் காலடி வைப்பது என்று எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். மௌலவியோ குடும்பத்துப் பெரியவரோ ஓதிக்கொண்டு நுழைவார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

கதவு போடாத வாசல் நிலைக்குப் பின்னால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி ஹபீபா நின்றாள். உடம்பெல்லாம் சேறு. யாட்டில் நடந்த கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"சேர் ஏன் காக்கா மழைக்குள்ள நிக்காரு? உள்ள வரச் சொல்லுங்களன்."

"குடி போகாத வீடு புள்ள," என்றார் அவர். "முதல்ல உங்கட ஆக்கள் வரட்டும். அதுதான் முறை."

"அப்பிடி நாங்க சொன்னயா சேர்? நீங்களாத்தானே நினைக்கிறீங்க. ஒரு வார்த்த எங்களுக்கிட்டக் கேளுங்களன்."

போர்மன் என்னைப் பார்த்தார். நான் வழியை விட்டு ஒதுங்கினேன். மழை கொஞ்சம் குறைந்திருந்தது. அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். விரல்கள் விறைத்திருந்ததால் அதற்கு நேரம் எடுத்தது. சப்பாத்து இரண்டையும் கழற்றிப் படியோரம் சேர்த்து வைத்தார். எண்ணெய் பட்ட சட்டையை ஒருதரம் இழுத்துச் சரிப்படுத்திக்கொண்டு, வெறுங்காலோடு வாசலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் உள்ள வரலாமா, புள்ள?"

"வாங்க சேர்," என்றாள் ஹபீபா. உம்மா எழும்பிப் பாயை விரித்தா.